கொசுறு ரொட்டி கோயில்பிள்ளைக்கு: 400 ஆண்டு தாண்டிய ஓர் அச்சுக்கார உயில்

சாம்பல் புதன் அன்று லண்டனில் லட்கேட் ஹில் பக்கம் போனால் ஒரு சின்ன ஊர்வலத்தைப் பார்க்கலாம். ஆவே மரியா லேன் என்ற குறுகிய தெருவில் ஸ்டேஷனர்ஸ் ஹால் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட அங்கி போட்ட சிலரும், அவர்களுக்குப் பின்னால் சாதாரணக் கோட்டு சூட்டில் பலரும் புறப்படுவார்கள். போகிற இடம் எதிர்த்தாற்போல் நிற்கும் தூய பவுல் பேராலயம். பேச ஆரம்பித்து முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். பெரிய கோபுரத்துக்குக் கீழே போகாமல் நேராக நிலவறைக்கு இறங்குவார்கள். அங்கே ஓர் ஆராதனை, ஒரு பிரசங்கம். இதையொட்டி ஹாலில் எல்லோருக்கும் கேக் உண்டு, ஒரு குவளை ஏல் உண்டு. ஏல் என்றால் பழைய பாணிப் பியர். நிகழ்ச்சிக்குப் பெயரே ‘கேக்கும் ஏலும்’தான்.

நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். சாம்பல் புதன், அல்லது கத்தோலிக்கர்கள் சொல்கிற திருநீற்றுப் புதன், ஒருசந்தியும் (ஒரு வேளைச் சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கு) இருக்கிற நாள். நெற்றியில் சாம்பல் பூசி, ‘மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்’ என்று கேட்டுவிட்டு வருகிற நாள். அன்றைக்கா பியரும் கேக்கும்? இந்த ஏற்பாட்டைச் செய்தவர் 1612இல் இறந்துபோன ஜான் நார்ட்டன் என்ற புத்தக வியாபாரி. அவர் விவரம் தெரியாமல் எழுதிவைத்த ஆள் இல்லை. நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த ஹாலுக்குச் சொந்தமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியைப் பற்றி. ‘ஸ்டேஷனரி’ என்று நாம் பேனாவுக்கும் நோட்டுக்கும் சொல்கிறோமே, அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இடைக்காலத்தில் பெரும்பாலான வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். புத்தகம் எழுதி விற்கிறவர்கள், ஓவியம் தீட்டுகிறவர்கள், பைண்டிங் செய்கிறவர்கள் மட்டும் பேராலயத்தின் மதிலை ஒட்டி நிலையாகக் கடை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரே இடத்தில் நிலைத்திருப்பவர் என்பதால் ‘ஸ்டேஷனர்’. 1403இல் அவர்கள் ஒரு தொழில்குழுவாகச் சேர்ந்தார்கள். அச்சு வந்த பிறகு, 1557இல் அரச சாசனம் கிடைத்தது. அதோடு அவர்கள் கை ஓங்கிவிட்டது. பொதுவாகச் சொன்னால், கம்பெனியில் உறுப்பினராக இல்லாதவர் அச்சடிக்கக் கூடாது. ஒரு நூலை வெளியிடும் உரிமை யாருக்கு என்பதைக் கம்பெனியின் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதப்பட்ட ‘காப்பி’யின் மேல் உள்ள உரிமைதான் பின்னால் ‘காப்பிரைட்’ ஆனது. அரசுக்கும் இது வசதி. யார் எதை அச்சடிக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், வேண்டாததைப் பிடித்துக் கொளுத்தலாம். ஹாலின் பின்முற்றத்தில் ஒரு பிளேன் மரம் நிற்கிறது. தடைசெய்த புத்தகங்களை எரித்த இடம் அது என்று சொல்லிக் காட்டுகிறார்கள்.

நார்ட்டன் இந்த உலகத்தின் உச்சியில் இருந்தவர். மூன்று முறை கம்பெனியின் மாஸ்டர், அதாவது தலைவர்; லண்டன் நகர ஆல்டர்மன், அதாவது நகராட்சியின் மூத்த உறுப்பினர். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளில் அச்சிடுவதற்கு அரசர் நியமித்த அச்சகர். ஆனால் அச்சுக் கோக்கிற ஆளைவிடப் புத்தகத்துக்கு முதல் போடுகிற ஆள் என்றே அவரைச் சொல்ல வேண்டும். 1597இல் வந்த ஜெரார்டின் பெரிய மூலிகை நூலிலும், 1606இல் ஆங்கிலத்தில் வந்த ஒர்ட்டேலியஸின் உலக வரைபடத் தொகுப்பிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் தாமஸ் பாட்லி நூலகம் அமைத்தபோது வெளிநாட்டுப் புத்தகங்களை வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவரிடம் தொழில் பழகிய ஜான் பில் என்பவர் ஐரோப்பா முழுக்க அலைந்து பாட்லிக்காக வாங்கிவந்தார்.

கடைசிக் காலத்தில் அவர் கையில் இருந்த வேலை, இங்கிலாந்தின் ஈட்டனில் அச்சான, பழைய திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தொமின் கிரேக்கத் தொகுப்பு. 8 பெரிய தொகுதிகள். பதிப்பித்த ஹென்றி சாவில் அதற்குச் செலவழித்தது சுமார் 8,000 பவுண்டு என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு மாளிகை கட்டுகிற பணம். புத்தகம் மெதுவாகத்தான் விற்றது. தொகுப்பு முழுக்க வந்து முடிவதற்குள் நார்ட்டன் கண்ணை மூடிவிட்டார்.

அந்த வியாபாரத்தின் வலி அவருக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இந்த விலைக்கணக்கைச் சொல்கிறேன். அன்றைக்கு ஒரு புத்தகத்தின் செலவில் பெரும்பங்கு காகிதம். நல்ல காகிதம் பிரான்ஸ் போன்ற இடங்களிலிருந்து கப்பலில் வரவேண்டும். காகிதத்துக்குப் பணத்தை முதலிலேயே கொட்டவேண்டும். அச்சாகி, தாள்கள் மூட்டையாகக் கிடந்து, ஒன்றொன்றாக விற்று முதல் திரும்ப வருஷக்கணக்காகும். 7 ஆண்டுக்குக் குறையாமல் எடுபிடியாக இருந்து தொழில் பழகி, கம்பெனியில் உறுப்பினராக வெளியே வருகிற ஓர் இளைஞனிடம் கைத்திறன் இருக்கும், காகிதம் வாங்கக் காசு இருக்காது. அவனுக்கு இரண்டு வழிதான். ஒன்று, வாழ்நாள் முழுக்க இன்னொருவர் அச்சகத்தில் கூலிக்கு நிற்பது. இல்லையென்றால் வட்டிக்காரனிடம் போவது.

நார்ட்டன் தன் உயிலில் கம்பெனிக்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார். அதன் முக்கிய நோக்கம், வசதியில்லாத இளம் உறுப்பினர்களுக்கு அதைக் கடனாகக் கொடுக்க வேண்டும் என்பது. அவன் தொழில் தொடங்கி, திருப்பிக் கொடுத்தால், அதே பணம் அடுத்தவனுக்குப் போகும். தானம் என்பதைவிடச் சுழல்நிதி என்று சொல்வதுதான் சரி.

கேக்கும் ஏலும் வருவது இன்னொரு சின்ன ஏற்பாட்டில். தூய பவுல் பேராலயத்தின் கீழே, நிலவறையில், புனித ஃபெய்த் பெயரில் ஒரு பங்குக் கோயில் இருந்தது. பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம். அந்தப் பங்கின் ஏழைகள் 12 பேருக்கு வாரந்தோறும் கொஞ்சம் காசும் ஆளுக்கு ஒரு பென்னி ரொட்டியும் கொடுக்க வேண்டும். பயனாளிகளில் 6 பேரைப் பங்கு தேர்ந்தெடுக்கும், 6 பேரைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும். ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று ஒரு பிரசங்கம் நடக்க வேண்டும், பிரசங்கிக்கு 10 ஷில்லிங். மிச்சப் பணத்தில் பிரசங்கத்துக்கு முன்போ பின்போ கம்பெனிக்காரர்களுக்குக் கேக், திராட்சை ரசம், ஏல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று இருக்கிறது. 12 ரொட்டி வாங்கினால் ரொட்டிக்காரர் 13 கொடுப்பார். அது அன்றைய லண்டன் வழக்கம். சில்லறையாக விற்கிறவர்களுக்கு அந்த ஒன்றுதான் லாபம். எடை குறைந்துபோனால் தண்டனை உண்டு என்ற பயமும் ரொட்டிக்காரரை ஒன்று கூடப் போட வைத்தது. அப்படி வருகிற 13ஆவது ரொட்டி யாருக்கு என்பதையும் நார்ட்டன் விடவில்லை. அது கோயில் எழுத்தருக்கு, நம் ஊர்க் கணக்கில் கோயில்பிள்ளைக்கு. அதாவது கொசுறுக்குக்கூட உயிலில் ஒரு வரி. 1,000 பவுண்டு எழுதிவைக்கிற மனிதர் ஒரு பென்னி ரொட்டிக்கு மெனக்கெடுகிறார் என்றால், கஞ்சத்தனம் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரா வாரம் ரொட்டியைக் கையில் வாங்கி, வரிசையில் நிற்கிற 12 பேருக்கு எண்ணிக் கொடுக்கப்போகிறவர் அந்தக் கோயில்பிள்ளைதான். ஒரு வாரம் ரொட்டி வரவில்லையென்றால் முதலில் குரல் கொடுக்கவேண்டியவரும் அவர்தான். அவருக்கு ஒரு ரொட்டி கிடைக்குமென்றால் குரல் கட்டாயம் எழும்.

மற்ற ஏற்பாடுகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பிரசங்கிக்கு 10 ஷில்லிங் வரவேண்டும், அதனால் பிரசங்கம் நடந்தே தீரவேண்டும் என்று அவர் நினைப்பார். உறுப்பினர்களுக்குக் கேக்கும் ஏலும் உண்டு, அதனால் அவர்கள் தேதியை மறக்க மாட்டார்கள். 6 பேர் இவர்கள் ஆள், 6 பேர் அவர்கள் ஆள் என்றால், ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஆசையைக் கட்டிவிட்டு, அந்தக் கட்டுக்குள் ஏழைகளின் ரொட்டியை வைத்துவிட்டார்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வசதியானவர்கள் செத்த பிறகு தங்கள் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கும்படி பணம் எழுதிவைத்தார்கள். நினைவு நாளில் பூசை, மெழுகுவத்தி, ஏழைகளுக்குச் சோறு. ஏறக்குறைய நம் கோயில் கட்டளை போலத்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு அணையாமல் எரிய ‘சாவா மூவாப் பேராடு’ என்று ஆடுகளை ஒப்படைப்பார்கள். ஆடு சாகும், ஆனால் மந்தையின் எண்ணிக்கை சாகாது, மூப்படையாது. அசல் அப்படியே நிற்க, பலன் மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்ற அதே எண்ணம்.

1547இல் ஆறாம் எட்வர்டின் அரசு இந்தப் பூசை அறக்கட்டளைகளை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கலைத்தது. சொத்து அரசுக்குப் போனது. லண்டன் தொழில்குழுக்கள் பலவற்றின் கையில் இப்படிப்பட்ட பணம் இருந்தது. அவை பூசைக்குப் போன பகுதியை அரசிடமிருந்து விலை கொடுத்து மீட்கவேண்டியிருந்தது. 1548இல் சாம்பல் பூசுகிற சடங்கும் நிறுத்தப்பட்டது. புதன் மிஞ்சியது, சாம்பல் மிஞ்சவில்லை. உபவாசமும் வேறு திசைக்குப் போய்விட்டது. சாம்பல் புதனில் தொடங்கும் லெந்து என்ற தவக்காலத்தில் இறைச்சி கூடாது என்ற சட்டம் தொடர்ந்தது, ஆனால் மீன்பிடித் தொழிலும் கடற்படைக்கு மாலுமிகளும் பெருக வேண்டும் என்பதையே அரசு காரணமாகச் சொன்னது. அந்தச் சூழலில் சாம்பல் புதனில் ஒரு குவளை ஏல் குடித்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஆக, செத்தவருக்குப் பூசை என்று இனி எழுத முடியாது. அதன் இடத்துக்குப் பிரசங்கம் வந்தது. செத்தவருக்காக மன்றாடுவது போய், உயிரோடு இருப்பவர்களை உட்காரவைத்துப் பேசுவது வந்தது. அறக்கட்டளை தின்னப்பட்டுவிடும் என்ற கவலையும் அப்போது புதிதல்ல. தர்மச் சொத்தை யார் சுருட்டினார்கள் என்று விசாரிக்க ஆணையர்களை நியமிக்கும் சட்டம் 1601இல் வந்தது. நார்ட்டன் உயில் எழுதியபோது அதற்கு 11 வயதுதான். செத்த பிறகு பணத்தை யார் காவல் காப்பார்கள் என்பது அன்றைய பணக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி. குடும்பத்தை நம்பினால் மூன்றாம் தலைமுறையில் காணாமல் போகும். சாசனம் பெற்ற தொழில்குழு அப்படியில்லை. மாஸ்டர் சாவார், கம்பெனி சாகாது. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு சாவா மூவா உயிர்.

அந்த நிலவறைக்கு வருவோம், ஏனென்றால் அதன் கதை தனி. புனித ஃபெய்த் கோயில் முதலில் தரைக்கு மேல்தான் இருந்தது. பழைய பேராலயத்தைக் கிழக்குப் பக்கம் நீட்டுவதற்காக 1256இல் அதை இடித்தார்கள். பங்கு மக்களுக்கு மாற்று இடமாகப் பீடத்துக்குக் கீழே நிலவறையில் ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. சுற்றிலும் புத்தகக் கடைகள், அதனால் அது புத்தகக்காரர்களின் பங்காகிவிட்டது. 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தபோது அவர்கள் தங்கள் சரக்கையெல்லாம் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடினார்கள். கெட்டியான கல் வளைவு, பூமிக்கடியில் இருக்கிற அறை, எந்த நெருப்பும் உள்ளே வராது என்ற நம்பிக்கை. பேராலயத்தின் கூரை எரிந்து விழுந்து, மேல்தளம் உடைந்து, நெருப்பு கீழே இறங்கியது. உள்ளே மச்சு வரை அடுக்கியிருந்தது காய்ந்த காகிதம். நாட்கணக்கில் எரிந்தது. அந்த வட்டாரத்திலும் ஸ்டேஷனர்ஸ் ஹாலிலுமாகப் புத்தக நஷ்டம் சுமார் 1,50,000 பவுண்டு என்று கேள்விப்பட்டதாக அக்கால லண்டன்வாசி சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். தனக்கு வழக்கமாகப் புத்தகம் கொடுக்கிற கடைக்காரரும் அதில் அழிந்துபோனதைச் சொல்லி வருத்தப்படுகிறார்.

தீக்குப் பிறகு அந்தப் பங்கைப் பக்கத்துப் புனித அகஸ்டின் பங்கோடு சேர்த்துவிட்டார்கள். கிறிஸ்டோபர் ரென் கட்டிய புதிய பேராலயத்தின் நிலவறையில் ஃபெய்த் பெயரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 1960இலிருந்து அது பிரிட்டிஷ் பேரரசு விருது பெற்றவர்களின் ஆலயமாகவும் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கீழே இறங்குவது அந்தப் பழைய தொடர்பால்தான்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு நூல் இழை ஓடுகிறது. நார்ட்டன் இறந்து சரியாக 100 ஆண்டு கழித்து, 1712இல், லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி சீகன்பால்குவுக்கு அனுப்பிய அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். மீட்டுக் கொண்டுவருகையில், கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் வந்தது, ஓட்டத் தெரிந்தவர் வரவில்லை. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அதற்கும் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி உயிலுக்கும் நேரடி உறவு கிடையாது. ஒரே ஊரின் தொழிலிலிருந்து புறப்பட்ட பொருள், அவ்வளவுதான்.

சரி, பணம் என்ன ஆயிற்று? பிரசங்கிக்கு வைத்த 10 ஷில்லிங் இன்றைய கணக்கில் 50 பென்ஸ். ஆடு குட்டி போடும், நிலத்தின் வாடகை ஏறும். எண்ணி எழுதிய காசு மட்டும் அப்படியே நின்று தேயும். நல்லவேளையாக, நார்ட்டனின் பெரிய தொகையைக் கம்பெனி லண்டன் நகருக்குள் சொத்தாக மாற்றி வைத்திருந்தது. அதனால் அசல் பெருகியது. ஆனால் கடன் கேட்டு வருகிற இளைஞர்கள் குறைந்துபோனார்கள். தொழில் மாறிவிட்டது. நீராவி அச்சு வந்த பிறகு, 50 பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் அச்சகம் தொடங்க முடியுமா? லண்டன் தொழில்குழுக்களின் பழைய கடன் நிதிகள் பலவும் இப்படித்தான் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், சும்மா குவிந்திருந்த அந்த நிதியைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று முடிவானது. 1858இல் அதற்கான திட்டம் ஏற்கப்பட்டது, 1861இல் ஃப்ளீட் தெருவை ஒட்டிய போல்ட் கோர்ட்டில் பள்ளி திறந்தது. அச்சுக்காரர்கள், பைண்டர்கள், புத்தகக் கடைக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. பிறகு வடக்கு லண்டனில் ஹார்ன்சிக்குப் போய், 1983இல் மூடப்பட்டது. இப்போது கம்பெனி கிரீனிச் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆதரவு கொடுக்கிறது. நார்ட்டன் நினைத்தது கடன், வந்தது கல்வி. இதை அவர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டால், காகிதம் வாங்கக் காசில்லாதவனுக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இதே கம்பெனிக்கு இன்னொரு பிரசங்கமும் உண்டு. 1795இல் ரிச்சர்ட் ஜான்சன் என்பவர் விட்டுப்போனது. தொழில் செய்தவர்களின் வறுமைப்பட்ட விதவைகளுக்கு உதவி, கூடவே வாழ்க்கை ஒரு நீர்க்குமிழி என்பதைப் பற்றி ஆண்டுக்கொரு பிரசங்கம். ‘குமிழிப் பிரசங்கம்’ என்றே பெயர் பெற்றது. நகரின் வேறொரு மூலையில், புனித கேத்தரின் கிரீ கோயிலில், அக்டோபர் 16 அன்று ‘சிங்கப் பிரசங்கம்’. பாலைவனத்தில் எதிரே வந்த சிங்கம் தன்னை விட்டுவிட்டுப் போனதற்கு நன்றியாக ஜான் கேயர் என்ற வணிகர் ஏற்படுத்தியது. இவையெல்லாம் ஒரே குடும்பம். நார்ட்டனுடையதில் மட்டும் தின்பதற்கும் குடிப்பதற்கும் வழி இருக்கிறது. மற்றவற்றைவிட அது உயிர்ப்போடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாறாமல் நிற்பது எது, நின்றுபோனது எது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்புத்தான் வரும். கம்பெனி 1933இல் செய்தித்தாள்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. இன்று உறுப்பினர்களில் இணைய ஊடகக்காரர்களும் இருக்கிறார்கள். ஈய எழுத்தைக் கையால் தொட்டிராதவர்கள் பலர். அவர்களுக்குக் கேக் வருகிறது, ஏல் வருகிறது. ரொட்டி வாங்க வரிசையில் நிற்கவேண்டிய ஏழைகள்தான் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை ‘லண்டன் நகரம்’ என்று தனியாகச் சொல்லப்படும், பழைய மதிலை ஒட்டிய அந்தச் சதுர மைலுக்குள் சுமார் 1,28,000 பேர் குடியிருந்தார்கள். 1901இல் அது சுமார் 27,000. வீடுகள் இருந்த இடத்தில் ஆபீசும் வங்கியும் வந்துவிட்டன. ரொட்டிக்கு ஆளில்லாமல் பங்குகளின் நிதிகள் தேங்கிக் கிடக்க, 1883இல் ஒரு சட்டம் போட்டு அந்த நகரத்துப் பங்கு நிதிகளைச் சேர்த்து லண்டன் முழுவதற்குமாகத் திருப்பிவிட்டார்கள்.

புனித ஃபெய்த் பங்கு எல்லைக்குள் இன்று பெரும்பாலும் பேராலயமும் கடைகளும்தான். 12 ரொட்டி வாங்கினால் 13 தருகிற கடையும் அங்கே கிடையாது.